பெங்களூரில் பழைய கோல்ஃப் கிளப்: ஆறு வருடம் வாங்கி விற்ற அனுபவம்

"நாலு தடவைதான் ஆடியிருக்கேன், புதுசு மாதிரியே இருக்கு."

இந்த ஊரில் பழைய கோல்ஃப் செட் (பந்தை அடிக்கும் மட்டைகளும் பையும்; மட்டைக்குப் பெயர்தான் கிளப்) பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். பெரும்பாலும் பொய்யும் இல்லை. மேனேஜர் ஆனதும் ஒருவருக்கு ஆசை வரும். பை, ஷூ, குடை உட்பட எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடுவார். இரண்டாம் மாதம் முதுகு பிடித்துக்கொள்ளும், அல்லது குழந்தை பிறக்கும், அல்லது ஹைதராபாத்துக்கு மாற்றல் வரும். பை பால்கனிக்குப் போகும். மூன்று மழைக்காலம் அங்கேயே நின்றுவிட்டு, வீடு மாறும் வாரத்தில் விற்பனைக்கு வரும்.

நான் அந்தப் பால்கனிப் பைகளில் வாழ்கிறவன். அல்சூரில் குடியிருக்கிறேன், ஆறு வருடமாக வாரம் ஒருமுறை ஆடுகிறேன். புதிதாக வாங்கியவை கையுறை, டீ (பந்தை ஏற்றி வைக்கும் சின்னக் குச்சி), கிரிப் (கிளப்பின் கைப்பிடி உறை) போன்ற சிலதுதான். மற்றதெல்லாம் இன்னொருவர் விட்ட ஆசை. இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது, "ஆடவே இல்லை" என்பது நற்சான்றிதழ் இல்லை. கிளப்பைச் சும்மா வைத்திருந்தாலும் அது கெடும்.

முதல் செட்டை ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஓர் அடுக்குமாடியில் 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து முதல் ஒன்பது வரை நம்பர் போட்ட அயர்ன் (நடுத்தர தூரத்துக்கு), பிட்சிங் வெட்ஜ், சேண்ட் வெட்ஜ் (கிட்டத் தூரத்துக்கும் மணலுக்கும்), டிரைவர் (நெடுந்தூர முதல் அடிக்கு), புட்டர் (குழிக்குள் உருட்ட). மொத்தம் ஒன்பது. விதிப்படி பையில் 14 வரை வைக்கலாம், ஆனால் கற்றுக்கொள்கிறவனுக்கு ஒன்பதே அதிகம். பந்தில் படும் முகம், அதாவது ஃபேஸ், எல்லாவற்றிலும் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பில் மயங்கிவிட்டேன்.

மறுநாள் டிரைவிங் ரேஞ்ச் என்கிற பயிற்சித் திடலில் முப்பதாவது பந்திலேயே உள்ளங்கையில் கொப்புளம். ரப்பர் கிரிப் வெயில் பட்டு இறுகி, பழைய சைக்கிள் கைப்பிடி போல ஆகியிருந்தது. நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழவில்லை. நல்ல கிரிப் என்றால் நகம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பும், கையில் லேசாக ஒட்டும். புட்டரை விட்டுவிட்டு எட்டு கிளப்புக்கும் மாற்றினேன். ஒன்று 700 என்று 5,600 ரூபாய். 24,000 செட் 29,600 ஆனது. இப்போதெல்லாம் பேரம் ஆரம்பிக்கும் முன்பே மனதுக்குள் கிரிப் காசைக் கழித்துக்கொள்வேன்.

மாற்றக் கற்றுக்கொடுத்தது மர்ஃபி டவுனைச் சேர்ந்த கேடி (ஆடுபவரின் பையைச் சுமந்து கூட வருபவர்) அண்ணன் ஒருவர். பழைய கிரிப்பை நீளவாக்கில் வெளிப்பக்கமாக அறுத்து எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் பழைய டேப்பை ஒரு துணுக்கு விடாமல் சுரண்ட வேண்டும். அப்புறம் இரு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, புது கிரிப்பின் முனை ஓட்டையை விரலால் அடைத்து, உள்ளே கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் கொட்டி, ஒரே மூச்சில் தள்ளிவிட வேண்டும். பாதியில் யோசித்தால் பாதியிலேயே நின்றுவிடும். எனக்கு மூன்றாவதாக மாற்றிய அயர்னில் அப்படி நின்றது, 700 ரூபாய் கிரிப்பைக் கிழித்துத்தான் எடுத்தேன்.

இந்த ஊரில் 1876இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் என்கிற மன்றம் இருக்கிறது. அவ்வளவு காலமாக மற்றவர்களின் கிளப்பைத் தோளில் சுமந்தவர்களுக்குத் தெரிவது கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. 2009இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற சி. முனியப்பாவே இந்த ஊரில் கேடியாக இருந்து வந்தவர்தான். பழைய செட் பார்க்கப் போகும்போது ஒரு கேடியைக் கூட்டிக்கொண்டு போனால், அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. நான் முதல் முறை தனியாகப் போனேன், அதன் விலையை இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த இரண்டு வருடமும் என் எட்டாம் நம்பர் அயர்ன் மட்டும் பந்தின் உச்சியில்தான் படும். ஸ்விங் தப்பு என்று பயிற்சியாளரிடம் ஆறு வகுப்புக்குப் பணம் கட்டினேன். ஒருநாள் அந்தக் கேடி அண்ணன் என் அயர்ன்களை எல்லாம் தரையில் வரிசையாக நிறுத்தி, சுவரில் சாய்த்தார். கிரிப் முனைகள் படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் அரை அங்குலம் குறைவதுதான் வழக்கம். எங்கள் படிக்கட்டில் ஒரு படி இல்லை.

"என்னா சார் இது, எட்டும் ஒம்போதும் ரெட்டைப் புள்ளையா?"

யாரோ எட்டாம் நம்பரை உடைத்து, கிடைத்த ஷாஃப்டை, அதாவது தண்டை, போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஷாஃப்டில் இருந்த ஸ்டிக்கரும் வேறு. ஹெட் (பந்தை அடிக்கும் தலைப்பகுதி) ஷாஃப்டோடு சேரும் இடத்தில் கருப்பாக ஒரு வளையம் இருக்கும், ஃபெருல் என்பார்கள். மற்றவற்றில் ஹெட்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்த அது, இதில் மட்டும் ஒரு மயிரிழை மேலே நின்றது. விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம், அவரும் யாரிடமோ வாங்கியதாகச் சொன்னார். இப்போது எந்த செட் பார்த்தாலும் முதலில் சுவரோரம் நிறுத்துவேன். அரை நிமிட வேலை.

அடுத்த பாடம் டிரைவர். (வீட்டில் "டிரைவர் பார்க்கப் போறேன்" என்றால் சிரிப்புதான். எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர்.) பெயர் பெற்ற கம்பெனியின் அந்த வருட மாடல், பாதி விலைக்கு ஒருவர் கொடுத்தார். பேஸ்மென்ட் பார்க்கிங்கில், டியூப்லைட் வெளிச்சத்தில் கைமாறியது. அடித்தால் சத்தம் தகர டப்பா. காந்தம் வைத்துப் பார் என்று நண்பன் சொன்னான். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. என்னுடையது ஃபேஸிலேயே டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஹெட்டின் அடியில் 460 சிசி என்று அளவை எழுதத் தெரிந்தவனுக்கு டைட்டானியம் போட மனம் வரவில்லை. பணம் போனது போனதுதான், எண் அணைக்கப்பட்டிருந்தது.

அதிலிருந்து எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கிய வட்டக் காந்தம் ஒன்று பையிலேயே கிடக்கிறது. அடியில் இருக்கும் எடைத் திருகு ஒட்டினால் பதற வேண்டாம், அது எஃகாக இருக்கலாம். ஃபேஸில்தான் சோதிக்க வேண்டும். ஒட்டவில்லை என்பதாலேயே அசல் என்றும் ஆகிவிடாது. எழுத்தின் வர்ணம் வழிந்திருக்கிறதா, சீரியல் எண் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். கிராஃபைட் ஷாஃப்ட் என்றால் ஹெட்டுக்கு மேலே நாலு விரற்கடை தூரத்தை நகத்தால் தடவி, லேசாக வளைத்துக் காதருகே வைப்பேன். நெறுநெறுவென்று கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடலாம். ஸ்டீல் ஷாஃப்டைக் குலுக்கும்போது கடகட சத்தம் வந்தால் உள்ளே துரு உதிர்கிறது, அல்லது பழைய பசைத் துண்டு. பசை என்றால் பயமில்லை, துரு என்றால் விலகுவேன்.

இதையெல்லாம் பேஸ்மென்ட்டில் செய்ய முடியாது. பகல் வெளிச்சத்தில், முடிந்தால் ரேஞ்சில் வைத்துத்தான் வாங்குகிறேன். பத்து பந்து அடிக்க விடாதவரிடம் வாங்குவதில்லை.

வெட்ஜை மட்டும் பழையதாக வாங்காதீர்கள் என்பது என் கட்சி. மணலில் அடிபட்டு, ஃபேஸின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுவழுப்பாகியிருக்கும். ஃபேஸில் இருக்கும் கோட்டுப் பள்ளத்தில், அதாவது குரூவில், நகம் மாட்ட வேண்டும், வழுக்கினால் பந்து கிரீனில் (குழி இருக்கும் வழவழப் புல்தரை) நிற்காமல் ஓடும். 2010இல் குரூவ் விதி மாறியதே, இது அதற்கு முந்தைய கூர்மையான ரகம் என்று ஒருவர் ஆசை காட்டினார். தேய்ந்துபோன குரூவில் எந்த வருட விதி இருந்தால் என்ன?

பிங் கம்பெனி அயர்ன் கிடைத்தால் ஹெட்டில் இருக்கும் வண்ணப் புள்ளியைக் கவனியுங்கள். ஷாஃப்ட் தரையோடு சேரும் கோணத்தைச் சொல்வது அது: கருப்பு என்றால் சாதாரணக் கோணம், நீலம் நிமிர்ந்தது, சிவப்பு படுத்தது. நீலப் புள்ளி செட் ஒன்றை மலிவாக வாங்கி, நான் அடித்த பந்தெல்லாம் இடப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, என்னைவிட உயரமான ஒருவருக்கு அதே விலைக்குக் கொடுத்தேன். அவர் இன்னும் நன்றி சொல்கிறார்.

ஷூ பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். "போடவே இல்லை" என்று பெட்டியோடு கொடுத்த ஷூ ஏழாவது ஹோலில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பாலியூரிதேன் அடிப்பாகம் ஈரக்காற்றிலேயே, பெட்டிக்குள் இருந்தபடியே மக்கிவிடும். மீதி ஆட்டத்தைக் காலுறையோடு முடித்தேன்.

விற்பது தனிக் கலை. டிரைவரும் புட்டரும் தனியாகப் போகும், அயர்னைப் பிரித்தால் மிச்சம் தேங்கும். இடக்கைக்காரர் கிளப் மட்டும் யாராவது கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள், விற்பதற்குள் தாடி நரைத்துவிடும். பொருளைப் பார்க்காமலேயே "ஆர்மியில் இருக்கேன், பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் போட்டால் நம் பணம்தான் போகும்.

போன மாதம் அந்த முதல் செட்டை விற்றேன். 18,000 கேட்டிருந்தேன். வந்தவர் கோலார்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசினார், கோல்ஃப் ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது என்றார். கிளப்புகளை நானே சுவரோரம் நிறுத்தி, எட்டாம் நம்பரின் கதையைச் சொல்லி, அதற்காக 1,500 குறைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குறைக்கிறதைக் குறைங்க சார்," என்றார், "எனக்கு இப்போதைக்கு எல்லாக் கிளப்பும் ஒரே தூரம்தான் போகுது."