சிலந்திக்கு வருஷ கான்ட்ராக்ட் போடலாமா? சோமனூர்ப் பக்கத்து வீடும் தறிக்குடோனும் சொன்ன பதில்

பெருந்துறையில் பேக்கரி போடப்போகிற என் சித்தப்பா மகன், "எட்டுக்கால் பூச்சிக்கு அந்த வருஷ கான்ட்ராக்ட் கேக்குதுங்களா அக்கா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கும் அதை ஒட்டிய தறிக்குடோனுக்கும் சேர்த்துச் சில வருடங்களாக ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டி வருகிறோம். இப்போது புதுப்பிக்கும் நேரம். கட்டணத்தை நன்றாகவே குறைத்துத் தருகிறோம் என்று விடாமல் கூப்பிடுகிறார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரப்பானுக்கு அவர்கள் வைக்கிற ஜெல் அருமையாக வேலை செய்தது. அலமாரிக் கீல் ஓரத்திலும் சிங்க்குக்கு அடியிலும் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டுப் போனார்கள். அதைத் தின்ற கரப்பானும் செத்தது, செத்ததைத் தின்ற கரப்பானும் செத்தது. சமையலறையில் ராத்திரி விளக்கைப் போட்டால் எதுவும் ஓடுவதில்லை. வருகிற பையன்களும் மரியாதையானவர்கள். சொன்ன நேரத்துக்கு வருவார்கள், செருப்பை வாசலில் விடுவார்கள், பூஜையறைப் பக்கம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

என் கோபமெல்லாம் அந்த சர்வீஸ் கார்டின் மேல்தான். கரப்பான், எறும்பு, கொசு, சிலந்தி என்று அதில் வரிசையாகக் கட்டம் இருக்கும். மருந்தடித்து முடித்ததும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு என்னிடம் கையெழுத்து கேட்பார்கள். கார்டை நீட்டுகிற பையனின் தலைக்கு மேலேயே கைமரத்திலிருந்து ஒட்டடை தொங்கும். "இது?" என்று காட்டினால், "ஒட்டடை அடிக்கறது நம்ம வேலையில வராதுங்க்கா, மருந்து அடிச்சாச்சு" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். சிலந்தி என்று கட்டம் போட்டுக் காசு வாங்குகிற நிறுவனம் சிலந்தி எப்படி வாழ்கிறது என்று கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும்.

ஒட்டடை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சிலந்தி விட்டுப்போன பழைய வலை. அதில் சிலந்தியே இருக்காது. தூசி படியப் படியத்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் குடோனில் தூசி மட்டுமில்லை, தறி ஓடும்போது பறக்கிற பஞ்சும் அதில் ஒட்டும். கொஞ்ச நாள் விட்டால் மேலேயிருந்து கயிறு மாதிரி தடித்துத் தொங்கும். ஆனி, ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து புழுதி வருகிற காலத்தில் கேட்கவே வேண்டாம். அது அறுந்து, தறியில் ஓடுகிற பாவு நூல் மேலேயோ மடித்து வைத்த காடா துணி மேலேயோ விழுந்தால் கறைதான். டியூப் லைட்டையும் சுவிட்ச் போர்டையும் சுற்றிப் பஞ்சோடு படிந்தால் தீப்பிடிக்கிற அபாயமும் உண்டு. சிலந்தி நூல் என்பது புரதம், உயிர் இல்லாத பொருள். அதன் மேல் எந்த மருந்தை அடித்தாலும் அது அங்கேயே தொங்கும். யாராவது குச்சியை எடுத்து அடித்தால்தான் போகும்.

சரி, சிலந்தியாவது சாகிறதா? அவர்கள் அடிப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் வகை மருந்துகள். சுவர் ஓரத்தில் அடித்துவிட்டால் அது காய்ந்து படிந்திருக்கும், அதன் மேல் நடக்கிற பூச்சி சாகும். கரப்பான் தரையை உரசிக்கொண்டு ஓடும், மீசையையும் காலையும் வாயால் இழுத்துச் சுத்தம் செய்யும். மருந்து அப்படித்தான் உள்ளே போகிறது. சிலந்தி கால் நுனியில் நிற்கிற உயிர், உடம்பு தரையில் படாது. கரப்பான் அளவுக்குக் காலை வாயில் வைத்துத் துடைக்கிற பழக்கமும் அதற்கு இல்லை. வலையில் இருக்கிற சிலந்தியோ நாளெல்லாம் தன் நூலிலேயே தொங்குகிறது. கீழே ஒரு சாண் உயரத்துக்கு அடித்த மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நேராக உடம்பில் பட்டால் சாகும், அது வாஸ்தவம். ஆனால் முட்டைப் பைக்குள் மருந்து சரியாக இறங்காது. அம்மா செத்தாலும் குஞ்சு பொரியும். வெளியிலிருந்தும் புதிதாக வரும். சிலந்திக் குஞ்சுகள் ஒரு இழை நூலைக் காற்றில் விட்டு, அதைப் பிடித்துக்கொண்டே பறந்து போகக்கூடியவை. இளங்காற்று இருந்தால் போதும், ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் நான் பார்க்கிறவை மூன்று வகை. மூலைகளில் தாறுமாறாக நூல் கட்டுகிற, மெலிந்த நெடுங்கால் சிலந்திதான் ஒட்டடைக்கு முக்கியக் காரணம். தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும். கிராஸோப்ரிசா லையோனி என்று இதில் ஒரு இனம் நம் நாட்டு வீடுகளில் ஏராளம். பெண் சிலந்தி முட்டைகளைக் கொத்தாக வாயிலேயே கவ்விக்கொண்டிருக்கும். இது கொசுவையும் பிடித்துத் தின்னும். அடுத்தது சுவரில் தாவுகிற குட்டிச் சிலந்தி. வலை கட்டாது, ஈயைப் பதுங்கிப் பாய்ந்து பிடிக்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும், விட்டுவிடுவேன். மூன்றாவது, உள்ளங்கை அகலத்துக்குக் கால் பரப்பி நிற்கிற பெரியது, ஹெட்டிரோபோடா வெனடோரியா. பிள்ளைகள் அலறுவது இதைப் பார்த்துத்தான். ஆனால் இதுவும் இரை பிடிக்க வலை கட்டுவதில்லை, கரப்பானைத் தேடித் தின்கிறது. டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, கட்டுத்தரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம். வயிற்றுக்கடியில் வட்டமாக வெள்ளைப் பை இருந்தால் அது முட்டை, நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். அப்போது கொஞ்சம் தள்ளியே விடுவது நல்லது.

கடியைப் பற்றி ஒன்று. காலையில் எழுந்ததும் கழுத்திலோ கையிலோ எரிச்சலோடு வரிவரியாகக் கொப்புளம் இருந்தால், எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். அது பல நேரம் பீடரஸ் என்கிற சின்ன வண்டின் வேலை. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும். மேலே உட்காரும்போது நசுக்கிவிட்டால் அதன் சாறு பட்ட இடமெல்லாம் வெந்துபோகும். ஊதித் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடம்பின் ஒரே பக்கத்தில் வலியோடு கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம், டாக்டரிடம்தான் போக வேண்டும். சிலந்தியின் மேல் பழியைப் போட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

இனி, நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம். விளக்கு!

எங்கள் குடோனில் ராத்திரியும் தறி ஓடும். வெக்கைக்கு ஜன்னல் திறந்தே இருக்கும். வாசலுக்கு நேர் மேலே பளீரென்ற வெள்ளை எல்இடி ஒன்று விடிய விடிய எரியும். அந்த வெளிச்சத்துக்கு ஈசலும் விட்டிலும் கொசுவும் வந்து மொய்க்கும். அதைத் தின்னத்தான் சிலந்தி வாசல் நிலையைச் சுற்றிக் கூடுகட்டிக்கொண்டிருந்தது. பூச்சிகளின் கண்ணுக்கு நீலமும் புற ஊதாவும் கலந்த ஒளிதான் அதிகம் எடுக்கும், மஞ்சள் அவ்வளவாக எடுக்காது. அதனால் வெளி விளக்குகளையெல்லாம் மஞ்சளாக மாற்றினோம். பல்பு டப்பாவின் மேல் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் பளீர் வெள்ளை, 3000 அல்லது அதற்கும் கீழே என்றால் மஞ்சள். வாசல் தலையில் இருந்த விளக்கைக் கழற்றி, எதிரே கம்பத்தில் மாட்டி, அங்கிருந்து வாசலைப் பார்க்கத் திருப்பிவிட்டோம். செலவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

உடனே பலன் தெரியாது. சிலந்தி வாரக்கணக்கில் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும். ஆனால் போகப் போக வாசல் பக்கம் புது வலை கட்டுவது குறைந்தது. இப்போது அந்த நிலையைத் துடைத்தால் நெடுநாள் அப்படியே இருக்கிறது. இத்தனை வருட மருந்தில் நான் இதைப் பார்த்ததே இல்லை. குடோனுக்கு உள்ளே மட்டும் மஞ்சள் விளக்கு ஒத்துவராது. இழை அறுந்தால் தறி ஓட்டுகிறவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். அதனால் அங்கே ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தோம். பஞ்சு அடைத்துக்கொள்கிறது, அடிக்கடி பிரஷ் போட வேண்டியிருக்கிறது. அது ஒரு தொல்லைதான், ஆனாலும் எடுக்க மாட்டேன்.

மற்றபடி வேலை செய்வது குச்சி. மூங்கிலில் மார் கட்டிய பழைய ஒட்டடைக் குச்சியே போதும். நீட்டி மடக்குகிற அலுமினியக் கம்பு கடையில் கிடைக்கிறது. லேசாக இருக்கிறது, ஓட்டின் உச்சி வரை எட்டுகிறது. ஆனால் அலுமினியத்தில் மின்சாரம் பாயும். வயர் ஓடுகிற இடத்தில் அதை நீட்டாதீர்கள். குடோனில் மெயினை இறக்கிவிட்டு மூங்கிலில்தான் அடிக்கிறோம். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, வலையும் சிலந்தியும் முட்டையும் ஒன்றாகப் போய்விடும். பையை அன்றைக்கே வெளியே கொட்டிவிட வேண்டும். காப்புக்கட்டுக்கு முன்னால் வீடு முழுக்க ஒட்டடை அடிக்கிற வழக்கம் எங்களிடம் உண்டு. அதை நான் மதிக்கிறேன், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை போதாது. செவ்வாயும் வெள்ளியும் குச்சியைத் தொட மாமியார் விட மாட்டார், மீதி ஐந்து நாள் இருக்கிறது. புதினா எண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் தெளித்துப் பார்த்தாயிற்று. வாசனை போகிற வரைக்கும் வீடு மணந்தது, அவ்வளவுதான். ஒட்டும் அட்டை ஓடித் திரிகிற சிலந்தியைப் பிடிக்கும், மேலே தொங்குவதைப் பிடிக்காது. பாவம், பல்லியும் அதில் மாட்டிக்கொள்கிறது.

கோபிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இந்த மருந்தைக் கிட்டேயே விடக் கூடாது. சிலந்தியை அசைக்காத அதே மருந்து புழுவைக் கொன்றுவிடும், அந்தத் தடவை வளர்த்தது முழுக்கப் போய்விடும். பக்கத்து வீட்டில் அடிக்கப்போகிறார்கள் என்றாலும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வீட்டில் மீன் தொட்டி இருந்தாலும் கவனம் வேண்டும், மீனுக்கும் அது விஷம்.

ஆக, கரப்பானுக்கு ஜெல் நன்றாக இருந்தது, ஆட்கள் தங்கமானவர்கள், விலையையும் குறைக்கிறார்கள். நான் புதுப்பிக்கவில்லை. ஒட்டடை அடித்துத் தருவோம் என்று ஒரே ஒரு வரி ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள். அப்படியானால் சிலந்திக் கட்டத்தையாவது கார்டிலிருந்து எடுங்கள் என்றேன், அதற்கும் முடியாது என்றார்கள். நியாயமாகக் கணக்குப் பார்த்தால் கரப்பானுக்காகவே தொடரலாம். ஆனாலும் செய்யாத வேலைக்கு இன்னொரு வருஷம் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

தம்பிக்கு மட்டும் வேறு பதில். பேக்கரி உணவுத் தொழில். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் வருட உரிம விதிமுறைகளில் 4ஆம் அட்டவணை பூச்சிக் கட்டுப்பாட்டை வற்புறுத்துகிறது, சோதனைக்கு வருகிறவர்கள் அதற்கான பதிவேட்டைக் கேட்பார்கள். எலிக்கும் கரப்பானுக்கும் உனக்குக் கான்ட்ராக்ட் வேண்டும், போட்டுக்கொள். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி அவர்களிடம் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு. மாவு பிசைகிற மேஜை, ட்ரே, கண்ணாடி அலமாரி எதன் மேலும் மருந்து படக் கூடாது. சிலந்திக்கென்று தனிக் காசு கேட்டால் கொடுக்காதே, அந்தக் காசில் கடைப் பையனுக்கு ஒரு நல்ல குச்சி வாங்கிக் கொடு. அப்புறம், பெயர்ப்பலகை விளக்கு. எல்லா பேக்கரியிலும் வாசலுக்கு நேர் மேலே வெள்ளையாகப் பளபளவென்று போடுகிறார்கள். ராத்திரிப் பூச்சியெல்லாம் அதற்கு வந்து, கதவு திறக்கிறபோதெல்லாம் உள்ளே கேக் அலமாரிக்குப் போகும். பலகை அடிக்கிறவரிடம் இப்போதே சொல்லி, வெளிச்சத்தை மஞ்சளாகப் போடச் சொல். வாசலை விட்டுத் தள்ளி, ரோட்டுப் பக்கமாகத் திருப்பி மாட்டச் சொல்.