மழைக்காலத்திலும் முறுக்கு நமுக்கவில்லை: களிமண் கலந்த மக்கும் கவர்

வீட்டில் முறுக்கு, தட்டை போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் நாகப்பட்டினம். கடல் காற்றோடு ஐப்பசி மழையும் சேர்ந்துவிட்டால், டப்பாவை மூட மறந்த ஒரு மணி நேரத்தில் முறுக்கு நமுத்துவிடும். பிளாஸ்டிக் வேண்டாமென்று போன வருடம் ஸ்டார்ச்சில் செய்த மக்கும் கவருக்கு மாறினேன். எண்ணெய் கசியவில்லை, காறல் வாடையும் வரவில்லை, ஆனால் நாலாம் நாளே முறுக்கு சவசவவென்று ஆகி இரண்டு கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. ஸ்டார்ச் எண்ணெயை நன்றாகத் தடுக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதுதான் காரணம்.

இப்போது ஆறு மாதமாக வாங்குவது அதே ரகம்தான், ஆனால் நானோ களிமண் கலந்தது. மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணைத் தகடு தகடாகப் பிரித்துச் சில சதவீதம் மட்டும் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு தகடும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஓலை மேல் ஓலையாக மேய்ந்த கூரையில் மழைத்தண்ணீர் நேராக இறங்க முடியாதில்லையா, அப்படித்தான் இதிலும் ஈரக்காற்று தகடுகளைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. மழையிலேயே பதினோரு நாள் வைத்துப் பார்த்தேன், முறுக்கு மொறுமொறுவென்றே இருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

குறைகளும் உண்டு. கவர் லேசாக மங்கல், உள்ளே இருக்கும் பண்டம் பளிச்சென்று தெரியாது. பழைய சூட்டிலேயே சீல் போட்டால் உருகி ஓட்டை விழுகிறது, மெஷினில் சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். விலையும் கூடுதல். அப்புறம், மக்கும் என்றதும் கொல்லையில் புதைத்தால் கரைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நான் புதைத்தது மூன்று மாதம் கழித்தும் துண்டு துண்டாகக் கிடந்தது. இந்த மாதிரி கவர்களைச் சோதிப்பதே 58 டிகிரி சூடுள்ள உரக்குவியலில்தான்.

வேறொரு விற்பனையாளர் கிருமி அண்டாத ‘நானோ’ கவர் என்று ஒன்றைக் காட்டினார். என்ன துகள் என்று கேட்டால் சொல்ல மறுத்துவிட்டார், நானும் வாங்கவில்லை. வெள்ளி, துத்தநாக ஆக்சைடு துகள்கள் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது சரி, வெட்டிய பழத்துக்கோ பன்னீருக்கோ அது உதவலாம், காய்ந்த முறுக்குக்கு எதற்கு? சாப்பாட்டோடு ஒட்டியிருக்கும் கவரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு படும் பிளாஸ்டிக்கில் நானோ வடிவத்துக்கென்றே தனி அனுமதி வாங்க வேண்டும். நான் வாங்கும் இடத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழையும், கவரிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்ற பரிசோதனை அறிக்கையையும் கேட்டதும் காட்டினார்கள். நீங்களும் இரண்டையும் கேளுங்கள்.

தீபாவளிக்கு இன்னும் ஆயிரம் கவர் சொல்லியிருக்கிறேன். மெல்லிய ரகம் மட்டும் வேண்டாம், தட்டையின் ஓரம் குத்திக் கிழித்துவிடுகிறது.