ஏழாம் லெவலில் ஏன் ஓடுகிறார்கள்? ஃபயர்பேஸா, கேம்அனலிட்டிக்ஸா

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் உட்கார்ந்து எழுதிய கேம். அதனால் கூடையில் மாம்பழம் பிடிக்கும் கேம்தான். செந்தூராவுக்கு ஒரு புள்ளி, பெங்களூராவுக்கு இரண்டு. ப்ளே ஸ்டோரில் ஏற்றியபின் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஆடுகிறவர்கள் எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள்? ஆப்புக்குள் ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும், காசில்லாமல் கிடைக்கும் ஃபயர்பேஸ், கேம்அனலிட்டிக்ஸ் என்ற இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

கூகுளின் ஃபயர்பேஸ் எல்லா வகை ஆப்புக்கும் பொது. 500 வகை ஈவென்ட் (கேமில் நடக்கும் ஒவ்வொரு நிகழ்வின் பதிவு) வரை அனுப்பலாம், ஒவ்வொன்றோடும் 25 பாராமீட்டர், அதாவது கூடுதல் விவரம். தாராளம்தான். ஆனால் நாமாகச் சேர்த்த பாராமீட்டர் ரிப்போர்ட்டில் தெரிய, அதைக் கஸ்டம் டைமென்ஷனாக (நாமே சேர்க்கும் ரிப்போர்ட் பிரிவாக) முதலில் பதிய வேண்டும். பதிந்த நாளிலிருந்துதான் கணக்கு. இதைப் படிக்காமல் இரண்டு வாரம் 'ஏன் தோற்றார்' என்ற பாராமீட்டரை அனுப்பிக்கொண்டே இருந்தேன், தப்பு என்னுடையது. முதல் நாளே கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியோடு இணைத்திருந்தால் ஒவ்வொரு ஈவென்ட்டும் அங்கே வரி வரியாகக் கிடந்திருக்கும். தரவைக் கேட்டெடுக்கும் எஸ்க்யூஎல் மொழி தெரிந்தவர் எதை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கார்டு கொடுக்காமல் பிக்குவெரியின் இலவச சாண்ட்பாக்ஸில் வைத்தால் டேபிள்கள் 60 நாளில் அழிந்துவிடும்.

கேம்அனலிட்டிக்ஸ் 2011-ல் கோபன்ஹேகனில் தொடங்கியது. கேமுக்கென்றே செய்தது என்பது ஈவென்ட் பெயர்களிலேயே தெரிகிறது. புரொக்ரெஷன் (லெவல் முன்னேற்றம்) என்றால் ஸ்டார்ட், ஃபெயில், கம்ப்ளீட். ரிசோர்ஸ் என்றால் சோர்ஸ், சிங்க்: மண்டிக் கணக்குப் போல, கேமுக்குள் ஆடுகிறவர் கைக்கு வந்த காசு ஒரு பக்கம், செலவழித்தது ஒரு பக்கம். காசின் பெயரையும் பொருள் வகையையும் கோடில் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். லெவலுக்கு இரண்டு மூன்று வரி எழுதியதோடு சரி, ஏழாம் லெவல் பல்லிளித்தது: ஸ்டார்ட் ஏராளம், கம்ப்ளீட் சொற்பம்.

எங்கே என்று தெரிந்தது. ஏன் என்று இரண்டுமே சொல்லவில்லை. அழுகல் பழம் விழத் தொடங்குவது ஏழில்தான் என்பதால், வேகம் அதிகம் என்று நினைத்துக் குறைத்தேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாண்டில் அக்கா மகன் கையில் போனைக் கொடுத்தேன். (18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிக்க 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடை போடுகிறது, அவனுக்குக் கொடுத்த கேம் பதிப்பில் இரண்டு கருவியையும் அணைத்திருந்தேன்.) ஏழுக்கு வந்ததும் போனை வெயிலுக்கு மறைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, இதுல எது அழுகல், எது செந்தூரா?"

தனியாளாக முதல் கேம் செய்பவருக்கு என் ஓட்டு கேம்அனலிட்டிக்ஸுக்கு. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாபில் விளம்பர வருமானம் வரத் தொடங்கி, எந்த ஆட்டக்காரர் காசு தருகிறார் என்ற கேள்வி எழும்போது ஃபயர்பேஸைச் சேர்த்துக்கொள்ளலாம். அழுகல் பழத்துக்கு இப்போது கறுப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். வேகத்தைப் பழையபடி ஏற்றிவிட்டேன்.