டர்பனில் விளையாட்டுக் கணக்கு விலைக்கு வாங்காதீர்கள்: 2,400 ராண்ட் இழந்துவிட்டு எழுதுகிறேன்

வேறொருவர் பெயரில் பதிந்து, வீடியோ ஆட்டங்களை வாங்கி வைத்திருந்த ஒரு கணக்கை எனக்கு விற்ற கடைக்கு இன்று காலை மூன்றாவது முறையாகப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினேன். கை இன்னும் நடுங்குகிறது. ஆத்திரம் தணிவதற்குள் எழுதிவிட வேண்டும். தணிந்துவிட்டால் நானும் "தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். போன பணம் 2,400 ராண்ட். எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

என் தம்பி இரண்டு வருடங்களுக்கு முன் என் மகனுக்கு ஒரு விளையாட்டுக் கருவி வாங்கிக் கொடுத்தான். தொலைக்காட்சியில் இணைத்து ஆடுவது. ஆனால் ஆட்டங்களின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. புதிதாக வரும் பெரிய ஆட்டம் ஒன்றே ஆயிரம் ராண்டைத் தாண்டுகிறது. ஜூலை விடுமுறை தொடங்கிய வாரம் மகன் நச்சரித்ததால், பழைய கைப்பேசிகளும் விளையாட்டுக் கருவிகளும் விற்கும் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். வணிக வளாகத்துக்குள் இருக்கும் சிறிய கடை. பெயர் எழுத மாட்டேன், வழக்கு கிழக்கு என்று என்னை இழுத்தடிப்பார்கள்.

நான் ஏமாந்த இடத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் கடையில் இருந்த இளைஞர் "வணக்கம் அக்கா" என்றார். நெற்றியில் திருநீறு, பின்னால் சுவரில் முருகன் படம். என் கணவர் குடும்பம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து ஐந்து தலைமுறை ஆகிறது. அவர்கள் வீட்டில் தமிழ் கோயிலிலும் சமையலறையிலும் மட்டுமே மிச்சம் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மணமாகி இங்கே வந்த எனக்கு, கடைத்தெருவில் ஒருவர் "அக்கா" என்று கூப்பிட்டால் மனம் இளகிவிடும். அந்த இளைஞருக்கு அதற்கு மேல் நாலு வார்த்தை தமிழ் வராது. அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்து அவர் திரையில் "வெண்பா" என்ற ஆட்டத்தை ஓடவிட்டார். டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்டது; 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டம் என்ற விருதும் பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், அவளுடைய சேதமடைந்த சமையல் குறிப்புப் புத்தகம், மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகும் மகன். திரையில் இட்லிப் பானை. தட்டுகளை அடுக்கும் முறை தவறினால் இட்லி நசுங்கிவிடும். என் மகன் தப்பாக அடுக்கினான், நான் "அப்படி இல்லை, திருப்பி வை" என்றேன். கடையில் நின்று நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்த நிமிடத்திலேயே என் பணப்பை திறந்துவிட்டது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

"இந்த ஒரு ஆட்டம் எதற்கு அக்கா, பதினொரு ஆட்டங்கள் உள்ள கணக்கு ஒன்று இருக்கிறது, 2,400 ராண்ட், ஆயுசுக்கும் உங்களுடையது" என்றார். அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை என்று ஒரு வங்கிக் கணக்கு எண்ணைக் காட்டினார். அது கடையின் பெயரில் இல்லை, தனி ஆள் பெயரில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன். ரசீதில் "உதிரிப் பொருட்கள்" என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் சொந்தக் கணக்கில் ஆடக் கூடாது, அவர் கொடுத்த கணக்கிலேயே ஆட வேண்டும் என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

முதல் மூன்று வாரங்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும், அதனால்தான் இந்த வலி. "வெண்பா"வை ஒரே மாலையில் முடித்துவிட்டோம், சிறிய ஆட்டம்தான். புட்டுக் குழலில் மாவு நிரப்பும் இடத்தில் என் மகன் "பாட்டி வீட்டில் இருப்பது இதுதானே" என்று கேட்டான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வர மறுக்கும் பிள்ளை, படுக்கப் போகும் முன் "வெண்பா என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டான். வீடியோ ஆட்டம் என்றாலே நேரத்தைத் தின்பது என்று நினைத்திருந்தவள் நான். அன்றிரவு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

கேப்டவுனில் உள்ள ஃப்ரீ லைவ்ஸ் நிறுவனம் செய்த "ப்ரோஃபோர்ஸ்" அந்தப் பட்டியலில் இருந்தது. நம் நாட்டில் செய்தது என்று ஆசையாகத் திறந்தேன். வெடிப்பும் சுடுதலுமாக இருந்தது, மகனுக்குப் பிடித்தது, எனக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிட்டது.

எங்களைக் கட்டிப்போட்டது "ஸ்டார்டியூ வேலி". எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் இசை, ஓவியம், நிரல் எல்லாவற்றையும் தாமே செய்து 2016-இல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன பாழடைந்த பண்ணையைப் பேரன் வந்து மீட்க வேண்டும். 15 விதைகளோடு தொடங்குகிறோம். ஒரு பருவத்துக்கு 28 நாட்கள், வருடத்துக்கு நான்கு பருவங்கள். மூன்றாம் வருடம் பிறக்கும்போது தாத்தாவின் ஆவி வந்து பேரனின் உழைப்பை எடை போடும். அதற்கேற்பப் பண்ணையின் மூலையில் உள்ள நினைவிடத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் வரை எரியும். நானும் மகனும் மாறி மாறி ஆடினோம். சோறு வடித்துவிட்டு ஓடி வருவேன், அவன் கோழிகளுக்குத் தீவனம் வைத்திருப்பான். இரண்டாம் வருடத்துக் குளிர்காலம் வரை வந்துவிட்டோம். நாலு மெழுகுவர்த்தியும் எரிய வேண்டும் என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

இருபத்து மூன்றாம் நாள் காலை பதினொரு ஆட்டங்களின் மீதும் பூட்டுப் படம் விழுந்திருந்தது. சற்று நேரத்தில் கணக்கே வெளியேறிவிட்டது. கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. சேமித்த ஆட்டமெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பண்ணையும் கோழிகளும் அவன் ஐம்பது மணி நேர உழைப்பும் உள்ளே போய் அடைபட்டுவிட்டன.

கடைக்கு எழுதினேன். "சர்வர் பிரச்சினை அக்கா, 24 மணி நேரம் பொறுங்கள்" என்று பதில் வந்தது. பொறுத்தேன். மறுநாள், கணக்கு ஜோஹனஸ்பர்க்கில் உள்ள ஒருவரிடமிருந்து வந்தது, அவரிடம் கேட்கிறேன் என்றார். அதற்கடுத்த நாள் நேரில் போனபோது, என் மகன்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டான் என்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, அவன் முகத்துக்கு நேரே! அவன் வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். இரண்டாம் முறை போனபோது அவர் சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் நின்றும் அவர் வரவில்லை. இன்று வேறொரு பையன் இருந்தான். அவர் இப்போது இங்கே வேலை பார்ப்பதில்லை என்றான். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்ற பலகையைக் காட்டினான். நான் முதல் நாள் போனபோது அந்தப் பலகை அங்கே இல்லை, உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "பொருள்" என்ற சொல்லுக்குள் விளையாட்டும் மென்பொருளும் அவற்றைப் பயன்படுத்தும் உரிமமும் அடங்கும். வாங்கிய பொருள் பழுதானால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். இதை எழுதி எடுத்துப்போய்க் காட்டினேன். அந்தப் பையன் படிக்கவே இல்லை, "முதலாளியிடம் சொல்கிறேன் ஆன்ட்டி" என்று கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினான். "அக்கா" கூட இல்லை. முருகன் படம் அதே இடத்தில் இருந்தது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறர் கணக்கை விலைக்கு வாங்காதீர்கள். பதிவு செய்தவர் நினைத்த நேரத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கணக்கை விற்பதே விதிக்குப் புறம்பானது என்பதால் கருவி செய்த நிறுவனத்திடம் போயும் நாம் உரிமை கொண்டாட முடியாது. ஆட்டத்தைக் குறுந்தகடாக வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் சரி. தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரசீதில் என்ன வாங்கினோம் என்பதை எழுதச் சொல்லி, எழுதிய பிறகு பணம் கொடுங்கள்.

திங்கட்கிழமை நுகர்வோர் குறைதீர்ப்பாளருக்குப் புகார் எழுதப்போகிறேன். அனுப்பிய 2,400 ராண்டுக்கான வங்கிச் சான்றும் "உதிரிப் பொருட்கள்" ரசீதும் கையில் இருக்கின்றன. இதே மாதிரி "ஆயுசுக்கும் உங்களுடையது" என்று கணக்கு வாங்கிப் பூட்டு விழுந்தவர்கள் டர்பனில் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம். மகனுடைய நோட்டு தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. எடுத்து வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை.