எபிக்: முகவர் இல்லாமல் கொரிய அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் ஆள்சேர்ப்பு முகவரிடம். அரசுப் பள்ளி வேலைக்கு அவர் தேவையே இல்லை. 1995இல் தொடங்கிய எபிக் (EPIK, English Program in Korea) என்ற கொரிய அரசுத் திட்டம் விண்ணப்பங்களைத் தன் இணையதளத்திலேயே நேரடியாகப் பெறுகிறது. முகவர் மூலம் போனாலும் அதே படிவம், அதே நேர்காணல்தான். இரண்டு வழியிலும் ஒருசேர விண்ணப்பித்தால் மட்டும் சிக்கல். தகுதியிழப்பு வரை போகும்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கான திட்டம் இது. இந்தியர்களுக்கு 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய சீபா பொருளாதார ஒப்பந்தம் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. அவர்களுக்குப் பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் உரிமமும் கையில் இருக்க வேண்டும். ஏழு நாட்டவரில் கல்வியியல் பட்டமோ ஆசிரியர் உரிமமோ இல்லாதவர்களுக்குக் குறைந்தது 100 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் வேண்டும்.

பலர் சறுக்குவது காகித வேலையில்தான். பட்டச் சான்றின் நகல், குற்றப் பின்னணிச் சான்று இரண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) கட்டாயம். குற்றப் பின்னணிச் சான்று தேசிய அளவிலானதாக இருக்க வேண்டும். அமெரிக்கர் என்றால் எஃப்.பி.ஐ. சான்று; மாநிலக் காவல்துறை தரும் கடிதம் செல்லாது. அந்தச் சான்றுக்கு முத்திரை இடுவது வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறை. பட்ட நகலுக்கோ, நோட்டரி கையெழுத்தான மாநிலத்தின் அலுவலகம். இரண்டையும் ஒரே இடத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் இழப்பவர்கள் உண்டு. இந்தியாவில் பட்டத்துக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். குற்றப் பின்னணிச் சான்றாகப் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி.க்கும் அதே அமைச்சகம்தான். மார்ச் பருவமோ ஆகஸ்ட் பருவமோ, ஆறேழு மாதம் முன்பே இந்த வேலையில் இறங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் ஒரு மாதிரிப் பாடத்திட்டமும் எழுதித் தர வேண்டும். வகுப்பில் உங்களோடு ஒரு கொரிய ஆசிரியரும் நிற்பார். அவர் எந்தக் கட்டத்தில் என்ன செய்வார் என்பது அதில் இல்லையென்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாடத்திட்டம் பலவீனமாகத் தெரியும்.

பெரிய குறை, பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விரும்பும் பகுதியைச் சொல்லலாம், அவ்வளவுதான். சிற்றூரில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிப் போகும்படியும் அமையலாம். சியோலே வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

வாரம் 22 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் போனால் தனி ஊதியம். தங்க இடம் இலவசம். விமானச் சீட்டை முதலில் நீங்களே வாங்க வேண்டும். சேர்ந்த பிறகு வருகைப் படியாக 13 லட்சம் வோனும், குடியமர்வுக்கு 3 லட்சம் வோனும் தருகிறார்கள். ஆறு மாதத்துக்குள் விலகினால் இரண்டையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த விதியை வரி விடாமல் படியுங்கள்.