பில்ட்-இன் ஓவனா, மேடைமேல் ஓடிஜியா? பெங்களூரு சமையலறைக்கு ஓர் ஒப்பீடு

ஒயிட்ஃபீல்டிலோ கனகபுரா சாலையிலோ புது அடுக்ககத்தில் வீடு வாங்குபவரிடம் மாடுலர் கிச்சன் போடுகிறவர் ஒரு வரைபடத்தை நீட்டுவார். அதில் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சதுரம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அங்கே பில்ட்-இன் ஓவன், அதாவது அலமாரிக்குள்ளேயே பொருத்தும் ஓவன், வர வேண்டுமாம். இல்லாவிட்டால் சமையலறைக்கே களை போய்விடுமாம். களையை அவரிடமே விட்டுவிடுவோம். அந்தச் சதுரத்துக்குள் போகிற பணத்தில் ஓடிஜி (மேடைமேல் வைக்கும் சின்ன ஓவன்-டோஸ்டர்-கிரில்), கன்வெக்ஷன் மைக்ரோவேவ் (சூடான காற்றிலும் சுடக்கூடிய மைக்ரோவேவ்), ஏர் ஃப்ரையர் மூன்றையுமே பல வீடுகளில் வாங்கிவிடலாம் என்பதால், கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் உடல்வாகு. பில்ட்-இன் ஓவனின் உள்ளளவு பெரும்பாலும் 60 முதல் 75 லிட்டர். முழுவீச்சில் இரண்டரை முதல் மூன்றரை கிலோவாட் வரை இழுக்கும். ஓடிஜி 20 முதல் 45 லிட்டர், ஒன்றேகால் முதல் இரண்டு கிலோவாட். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் 30 லிட்டரை ஒட்டி நிற்கும். ஏர் ஃப்ரையர் நான்கிலிருந்து ஆறு லிட்டர், ஒன்றரை கிலோவாட் சொச்சம். இந்த எண்களிலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது. எழுபது லிட்டர் இரும்புப் பெட்டியை 200 டிகிரிக்குச் சூடாக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். உள்ளே இரண்டு உருளைக்கிழங்கு இருந்தாலும் சரி, இருபது இருந்தாலும் சரி.

உறைந்ததை இளக்க

விற்பனையாளர் பெருமையாகத் தொட்டுக் காட்டும் குறி இது: குமிழில் ஒரு பனிப்பூ, அல்லது விசிறியோடு ஒரு நீர்த்துளி. அதைத் திருப்பினால் நடப்பது இவ்வளவுதான்: பின்சுவரில் உள்ள விசிறி ஓடும். பல மாடல்களில் சூடு துளியும் வராது. சிலவற்றில் லேசான வெதுவெதுப்பு வரும். அறைக் காற்று பொருளின்மேல் தொடர்ந்து படுவதால், மேடையில் சும்மா வைப்பதைவிடச் சற்று வேகமாக இளகும். டிசம்பர் பெங்களூரில் அறைக் காற்றே சில்லென்று இருக்கும்போது அந்த விசிறியால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?

மைக்ரோவேவ் இதில் வேறு சாதி. ஐந்து பத்து நிமிடத்தில் அரைக்கிலோ கோழியை இளக்கிவிடும். ஆனால் ஒரு பக்கம் வெந்து வெளுத்திருக்கும், நடுவில் பனிக்கட்டி அப்படியே இருக்கும். காரணம் எளிது. நுண்ணலையைப் பனிக்கட்டி மிகக் குறைவாக உறிஞ்சும். தண்ணீர் நன்றாக உறிஞ்சும். ஓர் ஓரம் இளகித் தண்ணீரானதுமே சூடெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அதனால்தான் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் விட்டு விட்டு ஓடுகிறது. இடைவெளியில் சூடு உள்ளே பரவட்டும் என்று காத்திருக்கிறது. பாதியில் திறந்து துண்டுகளைப் பிரித்துத் திருப்பிவிட்டால் பலன் நன்றாக இருக்கும். இப்படி இளக்கிய இறைச்சியை உடனே சமைத்துவிட வேண்டும். மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்து மாலைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. ஓரங்கள் ஏற்கெனவே கிருமி பெருகும் சூட்டைத் தொட்டிருக்கும்.

பில்ட்-இன் ஓவனின் விசிறி உண்மையில் வெல்வது மென்மையான பண்டங்களில். கிரீம் கேக், ரொட்டி, பழம் ஆகியவற்றை மைக்ரோவேவில் வைத்தால் கிரீம் உருகி வழியும், ரொட்டி தோலாகிவிடும். விசிறிக் காற்றில் அவை ஒழுங்காக இளகும். நம் வீட்டு ஃப்ரீசரில் கிரீம் கேக் எத்தனை நாள் இருக்கும்? அங்கே இருப்பது தேங்காய்த் துருவல், பச்சைப் பட்டாணி, ஞாயிற்றுக்கிழமை வாங்கி மிச்சமான மீன். துருவலுக்கு மைக்ரோவேவில் அரை நிமிடம் போதும். பட்டாணியை அப்படியே குருமாவில் கொட்டலாம். கடையில் வாங்கும் உறைந்த பரோட்டாவை இளக்கவே கூடாது. நேரே கல்லில் போட வேண்டும். மீனுக்கும் கறிக்கும் முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவைப்பதை எந்த இயந்திரமும் மிஞ்சவில்லை. மறந்துவிட்டால், தண்ணீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரைமணிக்கொரு முறை தண்ணீரை மாற்றினால் அரைக்கிலோ துண்டுகள் ஒரு மணி நேரத்தில் தயார். ஆக, பனிப்பூக் குறிக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

கிரில்லில்தான் ஆட்டம்

இங்கே பெரிய பெட்டி தன் விலையை நியாயப்படுத்துகிறது. கிரில் என்றால் மேற்கூரையில் உள்ள கம்பி பழுக்கக் காய்ந்து, வெப்பத்தை நேராகக் கீழே வீசுவது. குமிழில் மேலே மட்டும் ஒரு நெளிகோடு. ஓடிஜியிலும் இதே கம்பிதான், ஆனால் கூரை தாழ்வு. மீன் துண்டு கம்பிக்கு மிக அருகில் வந்து மசாலா கருகும். கீழே இறக்கினால் தட்டின் மூலைகள் வெளிறியே இருக்கும். பில்ட்-இன் ஓவனில் தட்டைச் செருக நான்கைந்து படிகள் உண்டு. துண்டு மெல்லியதா, மேலிருந்து இரண்டாம் படி. தொடையோடு கூடிய கோழியா, நடுப்படி, விசிறியோடு சேர்ந்த கிரில். சூட்டைக் கூட்டிக் குறைப்பதைவிடத் தட்டை ஏற்றி இறக்குவதே கிரில்லின் சூட்சுமம். அந்த வசதி இங்கேதான் இருக்கிறது.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஒரு முழு வஞ்சிரம் வாங்கி, விரல்கனத் துண்டுகளாக வெட்டி வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எட்டுப் பேர். பில்ட்-இன் ஓவனில் ஒரே தட்டில் அத்தனை துண்டும் அடங்கும். கிரில்லை 240 டிகிரியில் பத்து நிமிடம் காயவைத்து, கம்பித் தட்டில் துண்டுகளை அடுக்கி, கீழே சிறிது தண்ணீர் ஊற்றிய தட்டை வைத்துவிட்டால் சொட்டும் எண்ணெய் புகையாது. பத்துப் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். எல்லோரும் ஒரே பந்தியில் சூடாகச் சாப்பிடலாம். ஏர் ஃப்ரையரில் ஒரு வீச்சுக்கு நான்கு துண்டு. மொறுமொறுப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசி ஆளுக்கு மீன் வரும்போது முதல் ஆள் கை கழுவிவிட்டிருப்பார். கன்வெக்ஷன் மைக்ரோவேவின் கிரில் பெரும்பாலும் பலவீனமானது. பன்னீரை வேகவைக்கும், சிவக்கவைக்க நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பன்னீர் ரப்பராகிவிடும்.

எதிர்பார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சமைக்கும்போது வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். தந்தூர் அடுப்பின் சூடு நானூறைத் தாண்டும். உணவகத்தின் தந்தூரி ருசி எந்த மாடலிலும் வராது. கத்தரிக்காய் கொத்சுவுக்கும் அப்படியே: கிரில்லில் கத்தரிக்காய் அழகாகக் குழைந்துவிடும், தோல் உரியும், ஆனால் கேஸ் தீயில் வாட்டிய அந்தப் புகைமணம் இருக்காது. அதற்கு அடுப்பேதான் சரி.

கழுவும் வேலையைப் பற்றி எந்தக் கடையிலும் வாய் திறப்பதில்லை. தயிர், எண்ணெய், மிளகாய்த்தூள் மூன்றும் சேர்ந்த மசாலா, கிரில்லில் நான்கு சுவரிலும் தெறித்துக் காய்ந்து பிடித்துக்கொள்ளும். விலை கூடிய மாடல்களில் பைரோலிட்டிக் வசதி இருக்கிறது. பூட்டிக்கொண்டு ஐந்நூறு டிகிரிக்கு அருகில் ஏறி, அழுக்கைச் சாம்பலாக்கிவிடும், துடைத்தால் போதும். நடுத்தர விலை மாடல்களில் நீராவிச் சுத்தம்தான். அது ஊறவைக்கும், தேய்ப்பது நம் கைதான். ஏர் ஃப்ரையரின் கூடையைத் தொட்டியில் போட்டுக் கழுவிவிடலாம். அலமாரிக்குள் மாட்டிய பெட்டிக்குள் நாம்தான் தலையை விட வேண்டும்.

இன்னொரு சங்கதி, குடும்ப அரசியல் சார்ந்தது. ஒரே பெட்டியில் மீனும் கேக்கும் என்றால் சைவ மாமியார் இருக்கும் வீட்டில் கேக்குக்குக் கூட்டாளி கிடைக்கமாட்டார். இத்தகைய வீடுகளில் பெரிய ஓவனைச் சைவமாக வைத்துக்கொண்டு, பால்கனியில் ஒரு சின்ன ஓடிஜியை அசைவத்துக்கு ஒதுக்குவது எனக்குத் தெரிந்து நன்றாகவே வேலை செய்யும் ஏற்பாடு.

அன்றாடத்துக்கு எது?

சோறு, சாம்பார், ரசம், பொரியல் என்று ஓடும் வீட்டில் ஓவனுக்குக் காலை ஏழு மணிக்கு இடமே இல்லை. குக்கரும் வாணலியும் முடித்துவிடும் நேரத்தில் ஓவன் அப்போதுதான் காய்ந்து முடித்திருக்கும். இரண்டு பேருக்குச் சேனை வறுவல், நான்கு கட்லெட், ஒரு பிடி வேர்க்கடலை வறுக்க எல்லாம் ஏர் ஃப்ரையர் தெளிவாக முந்துகிறது. மீந்ததைச் சூடாக்க மைக்ரோவேவுக்கு நிகர் இல்லை. கேக், பிஸ்கெட் ஆசைக்கு? தெருமுனையில் ஐயங்கார் பேக்கரி இருக்கும் ஊர் இது. காரா பன்னை வீட்டில் சுட்டு அவர்களோடு போட்டி போடுவது தனிச் சுகம். ஆனால் அதைத் தேவை என்று கணக்கில் எழுதக் கூடாது.

ஆனாலும் பில்ட்-இன் ஓவன் தினமும் உழைக்கும் ஓர் இடம் இருக்கிறது, அதுவும் அடுப்பு பற்றவைக்காமலேயே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் நவம்பர் முதல் ஜனவரி வரை இட்லி மாவு பொங்காது, தயிர் உறையாது. சென்னையிலிருந்து வந்த ஒவ்வொரு குடும்பமும் முதல் குளிர்காலத்தில் இதைச் சொல்லிப் புலம்பும். மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, உள்விளக்கை மட்டும் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால், 25 வாட் பல்பின் சூட்டில் பெட்டிக்குள் சென்னை உருவாகிவிடும். காலையில் மாவு பொங்கியிருக்கும். ஓடிஜிக்குள் பெரிய மாவுத் தூக்கு நுழையாது. மைக்ரோவேவில் கதவைச் சாத்தினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: எல்இடி விளக்கு உள்ள மாடலில் இந்தச் சூடு கிடைக்காது. அதில் 30, 40 டிகிரிக்கு வைக்க முடிகிறதா என்று கேளுங்கள். மாவு உள்ளே இருக்கும்போது குமிழில் ஒரு சீட்டு ஒட்டிவிடுவதும் நல்லது. வீட்டில் வேறு யாராவது கிரில்லைப் போட்டுவிட்டால் கிடைப்பது இட்லியாக இருக்காது.

மழை மாதங்களில் வடாம், மோர்மிளகாய் காயவைக்கவும் விசிறியோடு 60 டிகிரி உதவும். ஆனால் பல மணி நேரம் ஓட வேண்டும். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் வடாமே மலிவு.

மின்சாரமும் மரவேலையும்

சராசரிப் பயன்பாட்டில் பெரிய ஓவன் ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு இழுப்பதால் முழு வாட் கணக்கைப் போட்டு மிரள வேண்டாம். ஏர் ஃப்ரையரின் இருபது நிமிடம் அரை யூனிட்டுக்குள் முடியும். பெங்களூருக்கு மின்சாரம் கொடுக்கும் பெஸ்காமின் கட்டணத்தில் இது பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். ஆனால் 2023-இல் தொடங்கிய கிருஹ ஜோதி என்ற கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டத்தில் இருப்பவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் பழைய சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்துத்தான் உங்கள் இலவச அளவு. அதைத் தாண்டிய யூனிட்டுக்குப் பணம். மாத மொத்தம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் உங்களுடையது. மாதம் 180-இல் நிற்கும் வீட்டில் தினமும் ஓவன் போட்டால் மாதக் கடைசியில் தெரியும்.

16 ஆம்பியர் இணைப்பு, 230 வோல்ட்டில் சுமார் 3.7 கிலோவாட் வரைதான் தாங்கும். ஓவனுக்கென்று தனி வயரும் தனி எம்சிபியும் (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) இல்லாமல், கெய்சரோடு சேர்த்து இழுத்தால் மூன்று கிலோவாட் அனுமதி பெற்ற வீட்டில் மின்சாரம் விழும். அடுக்ககத்தின் ஜெனரேட்டர் வீட்டுக்கு ஒரு கிலோவாட் கொடுக்கும் இடங்களில், மின்வெட்டு வந்தால் ஓவன், ஓடிஜி, ஏர் ஃப்ரையர் எல்லாம் சமம்: எதுவும் ஓடாது. கேஸ் அடுப்பு மட்டும் எரியும்.

தச்சரிடம் சொல்ல வேண்டியது: பெட்டிக்கூட்டின் உள்ளளவு சுமார் 56 சென்டிமீட்டர் அகலம், 60 உயரம், 55 ஆழம், பின்னால் காற்று போக வழி. இதை அடைத்துவிட்டால் குளிர்விக்கும் விசிறி திணறும், பக்கத்து அலமாரியின் பலகை காலப்போக்கில் உப்பும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த மரவேலைக் கணக்கே தேவையில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் சுவரோடு சேர்த்து எதையும் வாங்கக் கூடாது. ஏர் ஃப்ரையரும் சாதாரண மைக்ரோவேவும் போதும், அட்டைப்பெட்டியில் கட்டி அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சொந்த வீடு, நான்கு பேருக்குக் குறையாத குடும்பம், வாரம் ஒருமுறையாவது மீனோ கோழியோ பன்னீரோ கிரில் செய்யும் வழக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் பில்ட்-இன் ஓவன் வாங்கலாம். கூடவே ஒரு சின்ன மைக்ரோவேவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் 30 லிட்டருக்கு மேற்பட்ட ஓடிஜியே என் தேர்வு.

வீட்டோடு சேர்ந்தே ஓவன் வந்துவிட்டவர்கள் முதல் முறை வெறும் பெட்டியை அதிகபட்சச் சூட்டில் அரைமணி ஓடவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், தொழிற்சாலை எண்ணெய் வாடை போகும். அதற்கு முன், இத்தனை நாளாக உள்ளே அடுக்கிவைத்திருக்கும் ஆப்பச்சட்டி, சல்லடை, பிளாஸ்டிக் டப்பாக்கள் அத்தனையையும் வெளியே எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.