சர்க்கரை பூசிய பருப்பு: பாகு வைத்தா, சர்க்கரையை உருக்கியா?

பாதாமோ வேர்க்கடலையோ, 250 கிராமுக்கு 100 கிராம் சர்க்கரை இரண்டு முறைக்கும் சரியாக வரும். அடிகனமான வாணலி அவசியம். மெல்லியதில் ஒரு பக்கம் மட்டும் கருகும்.

செய்முறை
பாகு: சர்க்கரை, 60 மி.லி. தண்ணீர், பருப்பு மூன்றையும் ஒன்றாகப் போட்டு மிதமான தீயில் கிளறுங்கள். தண்ணீர் வற்றியதும் சர்க்கரை திடீரென்று மணல் மாதிரி பூத்து ஒட்டும். பாகு கெட்டுவிட்டதென்று பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், வரவேண்டிய பதமே அதுதான். பளபளப்பு வேண்டுமானால் தீயைக் குறைத்து இன்னும் சில நிமிடம் கிளறினால் மணல் பாதி உருகிப் பூசிக்கொள்ளும்.
உருக்குதல்: வெறும் சர்க்கரையைத் தேன் நிறம் வரும்வரை உருக்கி, வறுத்த பருப்பைச் சூடாகவே சேர்த்துப் புரட்டி, உடனே பட்டர் பேப்பரில் பரப்பிப் பிரித்துவிடவேண்டும். ஆறிய பருப்பைப் போட்டால் சர்க்கரை அங்கேயே இறுகிக் கட்டியாகிவிடும்.

தவறினால்
பாகு: சீக்கிரம் இறக்கினால் பிசுபிசுக்கும், மறுபடி அடுப்பில் வைத்தால் சரியாகும்.
உருக்குதல்: தேன் நிறம் தாண்டிப் புகை வந்தால் கசப்புதான், மீட்க வழியில்லை. கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

இருப்பு
பாகு: காற்றுப்புகாத டப்பாவில் ஓரிரு வாரம் மொறுமொறுப்பு நிற்கும்.
உருக்குதல்: ஈரக்காற்றில் சீக்கிரமே ஒட்டத் தொடங்கும்.

முதல்முறை செய்பவர்களுக்கும், டப்பாவில் வைத்துக் கொறிப்பதற்கும் பாகுதான். ஐஸ்கிரீம், கேக் மேல் உடைத்துத் தூவ, அன்றே தீர்ந்துவிடுமென்றால், உருக்கிச் செய்யுங்கள்.